ஹாப்பரைத் தொட்ட கை

நவம்பர் 3, திங்கள்

நான் சொன்னபடியேதான் நடந்தது. ஒண்ணு விடாமல்.

அக்டோபரில் எங்க குழாய் கம்பெனி லைன் ரெண்டில் ஓட்டின கறுப்புக் குழாய் அவ்வளவும் இன்னைக்கு லாரியில் திரும்பி வந்து கேட்டுக்குள்ள நிக்குது. குடிதண்ணி போற குழாய். உள்பக்கம் கையை விட்டுப் பார்த்தால் பலாப்பழத் தோல் மாதிரி சொரசொரன்னு கீது. அழுத்தம் வெச்சு சோதிக்கும்போது ஒண்ணு வெடிச்சே போச்சாம். மழை வரப்போவுது, கறுப்பு நிறத்துக்குச் சேக்கிற மாஸ்டர்பேட்ச் ஈரத்தைக் குடிக்கும், ஏதோ ஆவப்போவுதுன்னு நான் அப்பவே சொன்னேன். யாருகிட்ட சொன்னேன்னு கேட்டால் எல்லாருகிட்டயும்தான். யாரும் கேக்கல.

இருபத்திரெண்டு வருஷமா எக்ஸ்ட்ரூடர் ஓட்டறேன், பிளாஸ்டிக்கை உருக்கிக் குழாயாத் தள்ற மெஷின். படிச்சது எட்டாவது, அதுவும் முழுசா இல்ல. ஆனா மெஷின் இருமினால் எதுக்கு இருமுதுன்னு எனக்குத் தெரியும். அந்தக் காலத்துல மெஷின் போட வந்த ஜெர்மன்காரன் ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடிச்சுக் குலுக்கி, உன்ன மாதிரி ஒரு ஆள் எங்க நாட்லயே இல்லன்னான். பேசினது இங்கிலீஷா ஜெர்மனான்னு தெரியல. ஆனா அதைத்தான் சொன்னான்.

மேனேஜர் செங்குட்டுவன் சார் மத்தியானம் ஆபரேட்டர் அஞ்சு பேரையும் கூப்பிட்டார். வர்ற சனிக்கிழமையிலிருந்து ஏழு சனிக்கிழமை வகுப்பு. வெளியிலிருந்து ஆள் வந்து எக்ஸ்ட்ரூஷன் பாடம் நடத்தும். கெட்டுப்போன இந்த லாட்டை வெச்சே பாடம். ஏன் கெட்டுதுன்னு நாங்களே கண்டுபிடிக்கணும். புது லைன் ஒண்ணு வருது, வகுப்புல நல்லா செய்யறவருக்கு அதுல லைன் லீடர் பதவி. தினம் பார்த்ததை எழுதி வைக்கணும்னு ஆளுக்கொரு டைரி கொடுத்தாங்க. யாரோ ஏஜெண்ட் கொடுத்த போன வருஷத்து டைரி. கிழமையெல்லாம் தப்பா இருக்குது. நானே அடிச்சு அடிச்சு திருத்திக்கினேன்.

லைன் லீடர் யாருன்னு இப்பவே எழுதி வெச்சிடலாம். வேணாம், தன்னடக்கம்.

நவம்பர் 5, புதன்

காலை ரயிலில் ஹுமாயூன் பாய் ஒரே கிண்டல். பாய் எங்க லைனில் மிக்சிங் ஆள். பிளாஸ்டிக் குருணையையும் மாஸ்டர்பேட்சையும் கலந்து, ஏணி ஏறி, எக்ஸ்ட்ரூடர் தலைமேல உக்காந்திருக்கிற ஹாப்பரில் கொட்டி, சூடு காத்தில் காய வைக்கிற டிரையரை ஓட்டறது அவர் வேலை. பத்தொன்பது வருஷமா நாங்க ஒண்ணாத்தான் போறோம். அவர் ராயபுரத்தில் ஏறி ஜன்னலோரம் கைக்குட்டை போட்டு வைப்பார். நான் திருவொற்றியூரில் ஏறி அந்தக் கைக்குட்டையை எடுத்துட்டு உக்காருவேன். எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோ.

“இன்னா ரங்கா, காலேஜ் போறியாமே. புஸ்தகப் பையெல்லாம் வாங்கிட்டியா?”

வாத்தியாரே என்கிட்ட கத்துக்கினு போவாரு பாய்னேன். ரயிலே சிரிச்சது. ரயில்னா எங்க எதிர் சீட்டு ரெண்டு பேர்.

பாய்க்கு வகுப்பு இல்ல. ஆபரேட்டருக்கு மட்டும்தானாம். அவருக்கு அதில் ஒரு வருத்தம் இருந்த மாதிரி தெரிஞ்சது. இல்லன்னும் தோணுது.

நவம்பர் 8, சனி

முதல் வகுப்பு. கேன்டீன் கொட்டகையில். வாத்தியார் ஒரு பொம்பளை. ஜானட் மேடம். நாப்பது வயசு இருக்கும். முகத்துவாரக்குப்பத்துப் பொண்ணு, அவங்க அப்பா இன்னும் கடலுக்குப் போறாராம். பதினாறு வருஷம் குழாய் கம்பெனியில இருந்துட்டு இப்ப ஊர் ஊராப் போய் பாடம் எடுக்கறாங்க.

எக்ஸ்ட்ரூடர்னா என்னன்னு கேட்டாங்க. எல்லாரும் முழிக்க, நான் எழுந்து, இடியாப்ப உரல்ல மாவைப் போட்டு அழுத்தற மாதிரிதான் மேடம், இங்க மாவுக்குப் பதிலா பிளாஸ்டிக்னேன். “நல்லா சொன்னீங்கண்ணே”ன்னாங்க. அங்கியே உக்காந்திருக்கலாம்.

அந்தப் பிளாஸ்டிக் உருகறதுக்குச் சூடு எங்கிருந்து வருதுன்னு அடுத்த கேள்வி. ஹீட்டர்லருந்துன்னேன். இது கூடத் தெரியாதான்ற மாதிரி. இல்லியாம். மெஷின் ஓட ஆரம்பிச்ச பிறகு முக்கால்வாசி சூடு உள்ள சுத்தற ஸ்குரூ தேய்க்கிற தேய்ப்புலருந்து வருதாம். ஹீட்டர் சும்மா துணைக்கு நிக்குதாம்.

இருபத்திரெண்டு வருஷம்.

இதுவும் எனக்குத் தெரியும். சொல்லல, அவ்வளவுதான்.

நவம்பர் 15, சனி

இன்னைக்கு என் நாள். நிதானமா எழுதறேன்.

மேடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தாங்க. நடுவுல ஒரு கோடு. இடது பக்கம் தலைப்பு ‘கண்டது’, வலது பக்கம் ‘கருதியது’. கெட்ட லாட்டை ஓட்ட ஆரம்பிச்ச அன்னைக்கு, அக்டோபர் ஒன்பதாம் தேதி, காலை ஷிஃப்ட். அன்னைக்கு உங்க கண்ணு பார்த்தது, கை தொட்டது, காது கேட்டது இடது பக்கம். நீங்களா நெனச்சது வலது பக்கம். “வலது பக்கம் எழுதறது தப்பில்லண்ணே. வலது பக்கத்து விஷயத்தை இடது பக்கம் எழுதறதுதான் தப்பு”ன்னாங்க.

என் வலது பக்கம் நிறைஞ்சு வழிஞ்சது. பின்பக்கமும் எழுதினேன். இடது பக்கம் வெறும் தாள். பக்கத்துல பெனிட்டோ, சர்வீசுக்கு வந்து மூணு வருஷம்கூட ஆகல, இடது பக்கம் ஆறு வரி எழுதியிருக்கான். மோட்டார் ஆம்பியர் இவ்வளவு இருந்தது, கூலிங் தண்ணி இவ்வளவு, குழாய் வெளியில வரும்போது சின்னச் சின்னதாய்ப் பட்டுபட்டுன்னு சத்தம் கேட்டுது. எல்லாம் பாத்து வெச்சிருக்கான்.

மேடம் என் பின்னாடி வந்து நின்னாங்க. நின்னுக்கினே இருந்தாங்க.

எழுதினேன்: ‘காலை 6.20. ஏணி ஏறி ஹாப்பரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.’

“தொட்டீங்களாண்ணே?” “தொட்டேன் மேடம்.” “மத்த நாள்ல வெளிச்சுவர் சுடுமா?” “கை வைக்க முடியாது மேடம்.”

தாளை எடுத்து எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாங்க. எனக்கு வேண்டியது இந்த மாதிரிதான், இத்தனை நாள் ஏன் சொல்லலன்னாங்க. யாரு கேட்டாங்கன்னேன். கைதட்டினாங்க. பின்னாடி உக்காந்திருந்த செங்குட்டுவன் சார் எழுதிக்கிட்டார்.

ஐஸ் மாதிரி இருந்தது. வலது கையை வெச்சேன், உள்ளங்கை விறைச்சுப்போச்சு. இடது கையில் டீ கிளாஸ். நல்லா ஞாபகம் கீது.

சாயங்காலம் காசிமேடு வரைக்கும் போய் வஞ்சிரம் வாங்கினு வந்தேன். வூட்ல ஜெயக்கொடி கேட்டா இன்னா விசேஷம்னு. சொன்னேன். மீனை அலசிக்கினே சொல்றா: “பரண்மேல ஏறி அண்டாவை எடுத்துக் குடுன்னா முட்டி வலிங்கற. அங்க ஏணி ஏறினியா?”

படிக்காதவளுக்கு இதெல்லாம் புரியாது.

நவம்பர் 18, செவ்வாய்

ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. உள்ள பாய் நின்னுக்கினு இருக்கார்.

எனக்கு இது தோணவே இல்லை. சத்தியமா. ஹாப்பர் சில்லுன்னு இருந்ததுன்னால் டிரையர் ஆஃப்ல இருந்ததுன்னு அர்த்தம், டிரையர் ஆஃப்ல இருந்தால் ஓட்டற ஆள் போடலன்னு அர்த்தம், ஓட்டற ஆள் பாய். ஒண்ணு, ரெண்டு, மூணு. மேடம் கரும்பலகையில் அம்புக்குறி போடற மாதிரி. நான் முதல் அம்பை மட்டும்தான் பார்த்தேன்.

செங்குட்டுவன் சார் கேட்டார். பாய் சொன்னார், டிரையர் போட்டுத்தான் வெச்சிருந்தேன் சார், லைட் எரிஞ்சது, டிஸ்ப்ளேவில் எண்பது டிகிரி காட்டிச்சு. சார் என் பக்கம் திரும்பினார்.

தொட்டேன் சார்னேன். டீ கிளாஸை வலது கையில வெச்சினு இடது கையால தொட்டேன்னேன்.

பாய் என்னைப் பார்த்தார். கோவமா இல்ல. கணக்குல எங்கியோ ஒண்ணு இடிக்குதேன்னு பாக்கற மாதிரி.

“நீ தொட்டியா ரங்கா?”

“தொட்டேன் பாய்.”

“சரி.”

அவ்வளவுதான் சொன்னார். சரின்னார். மேசைமேல வெச்சிருந்த தொப்பியை எடுத்துக்கினு வெளியில போனார். ஒரு வாரம் வர வேணாம்னு சார் சொல்லிட்டார்.

அந்த சரி என்ன சரி?

நவம்பர் 19, புதன்

மழை. ரயில்ல நின்னுக்கினே போனேன்.

நவம்பர் 22, சனி

வகுப்பு. ஒரு சமயத்துல ஒரு செட்டிங்கைத்தான் மாத்தணும்ன்றது பாடம். நாலு செட்டிங்கை ஒண்ணாத் திருகிட்டு குழாய் நல்லா வந்துதுன்னால் எதனால நல்லா வந்துதுன்னு ஜென்மத்துக்கும் தெரியாதாம். நான் அப்படித்தான் இருபத்திரெண்டு வருஷமா ஓட்டறேன். அதை எழுதினதா வெச்சிக்க வேணாம்.

மேடம் மூணு தடவை ‘பொன்னுரங்கம் அண்ணன் பார்த்தது’ன்னு உதாரணம் சொன்னாங்க. செங்குட்டுவன் சார் முதுகுல தட்டி, புது லைன் உங்களுக்குத்தான்ற மாதிரி பேசினார். சந்தோஷம்தான். டீக்கடையில எல்லாரும் சுத்தி உக்காந்து அந்தக் கதையை மறுபடி சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். பாய் இன்னா பண்ணினு இருந்தாரு அப்பன்னு ஒருத்தன் கேட்டான். ஒரு வேகத்துல, அவரு மூட்டைமேல சாஞ்சி கண்ணசந்துட்டாரு போலன்னு சொல்லிட்டேன்.

கதைக்கு ஒரு முடிவு வேணுமில்ல.

நவம்பர் 27, வியாழன்

பாயை நிறுத்தியாச்சு. குழாய் வாங்கின கம்பெனிக்கு ரிப்போர்ட் போயிடுச்சாம்: ஆள் தவறு, ஆளை நீக்கிவிட்டோம்.

பெனிட்டோ சொன்னான், பாய் மணலி புதுநகர்ல ரெண்டு இடத்துல வேலை கேட்டுப் போனாராம். ரெண்டு இடத்துலயும் இல்லன்னுட்டாங்களாம். டிரையரை ஆஃப் பண்ணிட்டுத் தூங்கினவராமேன்னு கேட்டாங்களாம்.

தூங்கினவர். அந்த வார்த்தை எங்கிருந்து போச்சுன்னு எனக்குத்தான் தெரியும். டீக்கடையிலிருந்து மணலிக்கு அஞ்சு நாள்.

நான் ‘போல’ன்னு சொன்னேன். கண்ணசந்துட்டாரு *போல*. அந்தப் போலவை எவனோ வழியில விட்டுட்டான்.

நவம்பர் 30, ஞாயிறு

ராயபுரம் போனேன். பாய் வூடு சர்ச்சுக்குப் பின் சந்துல. பை நிறைய ஆப்பிள் வாங்கினு போனேன், ஆஸ்பத்திரிக்குப் போற மாதிரி. ஏன் ஆப்பிள் வாங்கினேன்னு தெரியல.

கதவைத் திறந்தது அவர் பொண்ணு ஷாஸியா. மருந்துக்கடையில பில் போடுது. என்னை மாமுன்னுதான் கூப்பிடும், இத்தனூண்டு இருந்தப்பலருந்து.

“அத்தா வூட்ல இல்ல மாமு. காசிமேட்டுல ஐஸ் உடைக்கப் போயிகீறாரு.”

ஐஸ் கம்பெனியிலான்னேன். ஆமான்னது. விடியறதுக்குள்ள போயிட்டு மத்தியானம் வருவாராம். கை ரெண்டும் வெளுத்து ஊறிப்போய் வருதாம்.

நான் பையைக் கீழ வெச்சிட்டுக் கிளம்பினேன். அது வாசல் வரைக்கும் வந்தது.

“மாமு, ஒண்ணு கேக்கறேன். அத்தா நெஜமாவே ஆஃப் பண்ணிட்டாரா? நீங்க தொட்டீங்களாமே.”

மெஷின் விஷயம்மா, உனக்குப் புரியாதுன்னேன். அது தலையாட்டிக்கினது. படிச்ச பொண்ணு. என்னைவிட அதிகம் புரியும் அதுக்கு.

சொல்லிட வேண்டியதுதான, கய்தே. வாய் கீதுல்ல உனக்கு. எல்லாத்துக்கும் கீதுல்ல.

டிசம்பர் 4, வியாழன்

லைன் ரெண்டு ஏணிக்குப் பக்கத்துல பலகை மாட்டியாச்சு. பிளாஸ்டிக் உறை போட்டு, பெரிய எழுத்துல: ‘ஷிஃப்ட் தொடங்கும்போது ஹாப்பரைத் தொட்டுப் பார்க்கவும்.’ கீழ சின்னதா என் பேர். யோசனை: பொன்னுரங்கம்.

ஜெயக்கொடிக்குக் காட்ட போட்டோ எடுத்தேன். காட்டல.

டிசம்பர் 8, திங்கள்

இன்னைக்கு எழுதக் கை வரல. இருந்தாலும் எழுதறேன்.

காலை ஷிஃப்டுல செங்குட்டுவன் சார் எல்லாரையும் ஏணிகிட்ட நிக்க வெச்சார். எப்படித் தொடணும்னு அண்ணன் செஞ்சு காட்டுவார்னார். ஏறினேன். பதினோரு படி. எண்ணினேன், முட்டி எண்ண வெச்சது. மேல போனதும் மூச்சு வாங்குது. பாய் இதுல தலையில மூட்டையோட ஒரு நாளைக்கு இருபது தடவை ஏறுவார்.

கையை வெச்சேன்.

சில்லுன்னு இருந்தது.

கீழ எல்லாரும் அண்ணாந்து பாக்கறாங்க. நான் கையை எடுத்துட்டு மறுபடி வெச்சேன். சில்லு. டிரையர் போடலியாடான்னு கத்தினேன். பாய் இடத்துக்குப் புதுசா வந்திருக்கிற ஆள், போட்டுத்தான் கீது சார், எண்பது டிகிரி காட்டுதுன்னான். வேற பக்கம் தொட்டேன். கன்னத்தை வெச்சுப் பார்த்தேன். இருபத்திரெண்டு வருஷம் சர்வீஸ், ஹாப்பர்மேல கன்னத்தை வெச்சினு நிக்கறேன்.

அந்த ஆள் மேல ஏறி வந்து மெதுவா சொன்னான்: “இது ரெட்டைச் சுவரு சார். நடுவுல பஞ்சு வெச்சி அடைச்சிக்கிது, சூடு வெளிய போவாம இருக்க. வெளிய எப்பவுமே சுடாது.”

கொஞ்ச நேரம் ஆவணும், சூடு ஏறட்டும்னு கீழ சொல்லிட்டு இறங்கினேன். கலைஞ்சு போனாங்க. பெனிட்டோ மட்டும் போகல.

அப்படின்னால் அன்னைக்கு சில்லுன்னு இருந்தது வேற சில்லு. அது ஐஸ் சில்லு. இது சாதா சில்லு. வித்தியாசம் கீது.

பத்தொன்பது வருஷம் அந்தச் சுவத்துல தினம் கை வெச்ச ஆளு பாய். ஆபீஸ்ல நான் சொன்னதைக் கேட்டவுடனே அவருக்குத் தெரிஞ்சிருக்கும். எப்ப தொட்டாலும் சில்லுதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கியே என் மானம் போயிருக்கும். சொல்லல. நீ தொட்டியான்னு கேட்டார். நான் தொட்டேன்னேன். சரின்னார்.

அந்த சரி இந்த சரி.

டிசம்பர் 13, சனி

பெனிட்டோ மேடத்துகிட்ட சொல்லிட்டான் போல. இன்னைக்குக் கேன்டீன்ல வகுப்பு இல்லை, நேரா லைன் ரெண்டு. மேடம் குச்சி மாதிரி ஒரு வெப்பமானியோட ஏணி ஏறினாங்க. வெளிச்சுவரைப் பார்த்தாங்க, உள்ள குருணைக்குள்ள விட்டுப் பார்த்தாங்க. டிஸ்ப்ளே எண்பதுன்னுது. குருணை நாப்பது கூட இல்லை.

அப்புறம் டிரையருக்குப் பின்பக்கம் போனாங்க. காத்து இழுக்கற ஃபில்டரைக் கழட்டினாங்க. கறுப்புக் கம்பளி மாதிரி ஒண்ணு வந்தது. தூசும் மாஸ்டர்பேட்ச் பொடியும் சேர்ந்து அடைச்சு, காத்து போற வழியே இல்லை. லைட் எரியுது, ஹீட்டர் சூடாவுது, டிஸ்ப்ளே எண்பது காட்டுது. சூடு மட்டும் குருணைகிட்ட போகல. ஈரம் ஈரமாவே உள்ள போய், கொதிச்சு, குமிழாய்க் குழாய்ல உக்காந்துக்குது. பெனிட்டோ கேட்டானே பட்டுபட்டுன்னு, அது அந்த ஈரம் வெடிக்கிற சத்தமாம்.

பாய் டிரையரைப் போட்டுத்தான் வெச்சிருந்தார்.

மேடம் என்னைத் திட்டுவாங்கன்னு பார்த்தேன். அவங்க எல்லார்கிட்டயும் சொன்னாங்க: “அண்ணன் தொட்டது உண்மை. சில்லுன்னு இருந்ததும் உண்மை. அதுக்கு நான் கொடுத்த அர்த்தம்தான் தப்பு. ஏறிப் பார்க்காம விட்டது என் தப்பு.”

தன்மேல எடுத்துக்கினாங்க. நான் பக்கத்துல நின்னேன். வெளிய போறதுக்குக் கதவைத் திறந்து வெச்ச மாதிரி இருந்தது. போயிடலாம். யாரும் பார்க்க மாட்டாங்க.

ஃபில்டரை யாரு சுத்தம் பண்றதுன்னு கேட்டாங்க. மெயின்டனன்ஸ் தாள் சுவத்துல தொங்குது. வெள்ளிக்கிழமைதோறும், லைன் ஆபரேட்டர். ஆகஸ்டுலருந்து வரிசையா கையெழுத்து. அழகான கையெழுத்து, ‘பொ’வுக்கு ஒரு சுழி அதிகம் போட்டு.

என் கையெழுத்து மாதிரிதான் இருந்தது.

மேடம் அதைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க. கடைசி வகுப்புக்கு எல்லாரும் ‘கண்டது, கருதியது’ தாளைப் புதுசா எழுதினு வாங்கன்னாங்க. அதை வெச்சுத் திருத்தின ரிப்போர்ட் போடுவாங்களாம். செங்குட்டுவன் சார், எதுக்கு மேடம், முடிஞ்சுபோன ஃபைல், வாங்கினவங்களே ஒத்துக்கினாங்கன்னார். என் காதுகிட்ட வந்து, லீடர் ஆர்டர் திங்கக்கிழமை அடிக்கிறாங்க, பழைய தாளையே பார்த்து எழுதிடுங்கன்னார்.

டிசம்பர் 14, ஞாயிறு

காசிமேடு போனேன். ஐஸ் கம்பெனி வாசல்ல தண்ணியும் மீன் வாடையும். பாய் ரப்பர் ஷூ போட்டுக்கினு, பாளம் பாளமா வர்ற ஐஸை மெஷின்ல தள்ளினு இருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிச்சார். எப்பவும் சிரிக்கிற மாதிரியே. அதுதான் தாங்கல.

பாய்னு ஆரம்பிச்சேன். மேல வரல. எனக்கே வாய் வரல.

ஈரக்கையைத் துண்டுல துடைச்சுக்கினே சொன்னார்: “இங்க ஒரு சௌகரியம் ரங்கா. எத்த தொட்டாலும் சில்லுதான். ஒரு பேஜாரும் இல்ல.”

பக்கத்துல ரெண்டு பேர் சிரிச்சாங்க, என்ன ஜோக்குன்னு தெரியாமலே. நானும் சிரிச்சேன்.

எதிர்க்கடையில டீ சொன்னார். வேணாம்னேன். “உனக்கு நான் டீ வாங்கித் தர்றது புதுசா?”ன்னார். குடிச்சேன். கிளாஸ் சூடா இருந்தது. அவர் தன் கிளாஸை ரெண்டு கையாலயும் பொத்திக்கினு குடிக்காமலே நின்னார், கை காயட்டும்னு. ஷாஸியாவுக்கு ஷிஃப்ட் மாத்திட்டாங்க, ஆப்பிள் நல்லாருந்ததுன்னு அது இதுன்னு பேசினார். ஹாப்பரைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. ஃபில்டர் விஷயத்தைச் சொன்னேன். தெரியும்ன்ற மாதிரி தலையாட்டினார்.

“அத்த தொறந்து பாக்கச் சொல்லி உங்கிட்ட ரெண்டு தபா சொன்னனே. நீ பாத்துட்டேன்னியே.”

ஆமா. சொன்னார். நான் பாத்துட்டேன்னேன்.

டிசம்பர் 19, வெள்ளி

ஃபில்டரைக் கழட்டித் தட்டினேன். மூக்கு, வாய், சட்டை எல்லாம் கறுப்பு. முடிச்சுட்டு தாள்ல கையெழுத்து போட்டேன். இத்தனை கையெழுத்துல இது ஒண்ணுதான் கையெழுத்து.

டிசம்பர் 20, சனி

கடைசி வகுப்பு. தாளைக் கொடுத்தேன். ‘கருதியது’ பக்கம் ஒண்ணும் எழுதல. என் வாழ்க்கையில் முதல் தடவை. ‘கண்டது’ பக்கம் ஒரே வரி: ‘ஃபில்டர் தாளில் இருப்பது என் கையெழுத்து, ஃபில்டரை நான் திறக்கவில்லை.’

மேடம் படிச்சாங்க. தாளைத் திருப்பிப் பார்த்தாங்க.

“ஹாப்பரைத் தொட்டது எழுதலியேண்ணே?”

“இல்ல மேடம்.”

“மறந்துட்டீங்களா?”

“இல்ல மேடம்.”

கொட்டகைமேல மழை. அப்புறம் தாளை நாலா மடிச்சு ஃபைல்ல வெச்சுக்கினு, சரின்னாங்க.

இந்த சரியைக் கேட்கறதுக்கு பாயோட சரியே தேவலை.

சர்டிபிகேட் எல்லாருக்கும் கொடுத்தாங்க, எனக்கும். போட்டோல நான் ஓரமா நிக்கறேன்.

டிசம்பர் 24, புதன்

லைன் லீடர் பெனிட்டோ. ஏணிகிட்ட இருந்த பலகையைக் கழட்டிட்டாங்க. ஆணி மட்டும் கீது.

டிசம்பர் 29, திங்கள்

மேடம் விடாம நின்னு, பாய்மேல தவறு இல்லைன்னு ஒரு கடிதம் வாங்கிட்டாங்க. செங்குட்டுவன் சார் கையெழுத்துப் போட்டார், முகத்தைப் பார்க்காமல். ஆனா திரும்பி எடுக்க இடமில்லையாம். அந்த இடத்துக்குத்தான் ஆள் போட்டாச்சேன்னார்.

கடிதத்தை நான் கொண்டுபோறேன்னு கேட்டு வாங்கினேன். பாய் ஐஸ் உடைச்சுக்கினு இருந்தார். பிரிச்சுப் படிக்கல. சட்டைப் பையில வெச்சார். பை ஈரம். மை கரையும் பாய்னேன். கரையட்டும், எனக்குத் தெரிஞ்சதுதான அதுல எழுதிகீதுன்னார்.

வேற எங்கியாவது கம்பெனியில காட்டுங்க பாய்னேன். யோசிக்கிறேன்னார். கண்டதை எழுதணும்னால்: அவர் யோசிக்கல.

இன்னைக்கு டீ சொல்லல. நேரம் இல்லாம இருக்கலாம்.

ஜனவரி 5, திங்கள்

என்னை மிக்சிங்குக்கு மாத்தியாச்சு. ஓஞ்சு உக்கார வேண்டிய வயசுல மூட்டை. பதினோரு படி. இன்னைக்கு ஒன்பது தடவை ஏறினேன். காலையில் ரயிலில் ஜன்னலோரம் யாரோ ஒரு காலேஜ் பையன் உக்காந்திருந்தான். நான் கம்பியைப் பிடிச்சினு நின்னேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல இந்த டைரியை முதல் பக்கத்துலருந்து படிச்சேன். ஜெர்மன்காரன் வந்தது உண்மை. கையைக் குலுக்கினது பக்கத்துல நின்ன சூப்பர்வைசரை. சரி, அது யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணல, இருந்துட்டுப் போவட்டும். மழை வரும், ஏதோ ஆவும்னு நான் முன்னாடியே சொன்னதா எழுதியிருக்கேன். நான் சொல்லல. என்கிட்ட ஒருத்தர் சொன்னார். ரெண்டு தபா.

நவம்பர் பதினஞ்சுல மட்டும் ஒரு வரியைக் கோடு போட்டு அடிச்சேன். டைரி கிழமையை அடிச்ச அதே பேனா.

அக்டோபர் ஒன்பது, காலை 6.20. கண்டது: நான் ஏணிப்பக்கம் போகவே இல்லை. ஹாப்பரைத் தொடவே இல்லை. கீழ நின்னு டீ குடிச்சினு இருந்தேன். டீ மட்டும் உண்மை. அது பாய் வாங்கிக் கொடுத்தது.